பூநாரையை விரட்டாமல் எடுப்பது: பழவேற்காடு ஏரிக்கரையில் கேமராவோடு நிற்பவருக்கு ஒரு விரிவான பதில்

கேட்டவர் ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில் வேலை பார்க்கிறார், பக்கத்தில் தடாவில் தங்கியிருக்கிறார். கையில் சிறிய சென்சார் கொண்ட கேமராவும் 70-300 மிமீ லென்ஸும் இருக்கின்றன. விடுமுறை நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் நின்று எடுக்கிறார். பூநாரைகள் (ஃபிளமிங்கோ) வெள்ளைப் புள்ளிகளாகத்தான் விழுகின்றன, நிறமும் இல்லை, கூர்மையும் இல்லை என்கிறார். 600 மிமீ லென்ஸ் வாங்கலாமா, சேற்றில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பறக்கிற படம் கிடைக்குமா, பக்கத்து மலைகளில் நிலக்காட்சி எடுக்க எங்கே போவது, பொங்கல் விடுமுறைக்கு வரும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

லென்ஸ் இப்போதைக்கு வேண்டாம். சேற்றில் எப்போதும் இறங்க வேண்டாம். இந்த ஏரியில் பறவைக்கும் நமக்கும் உள்ள தூரத்தைப் பறவைதான் முடிவு செய்கிறது. அந்தத் தூரத்தை ஒப்புக்கொண்டு எடுக்கிற படம்தான் இந்த இடத்துக்குச் சொந்தமான படம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பெரிய பூநாரை நின்றால் ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரம். அது சாலையிலிருந்து 200 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். உங்கள் 300 மிமீ லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் சுமார் 2 மிமீ உயரத்துக்கு விழும். உங்கள் கேமராவின் சென்சார் உயரம் ஏறத்தாழ 15.6 மிமீ. ஆக, படச் சட்டத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் பறவை. 600 மிமீ போட்டால் நாலில் ஒரு பங்கு ஆகும். கூட்டம் 400 மீட்டருக்கு நகர்ந்துவிட்டால் அந்த விலை உயர்ந்த லென்ஸும் எட்டில் ஒரு பங்கில்தான் வந்து நிற்கும். இந்த ஏரியில் 400 மீட்டர் என்பது சாதாரண தூரம். 150-600 வகை லென்ஸ்கள் இரண்டு கிலோ அளவுக்குக் கனக்கின்றன. பைக்கில் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவருக்கு அது சின்னச் சுமை இல்லை. ஒரு பருவம் முழுக்க இருக்கிற லென்ஸில் எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் தேவை என்று பட்டால், சென்னையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து இதே சாலையில் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் படங்களில் கூர்மை இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் கானல்தான். வெயில் ஏற ஏறச் சேற்றுத் தரையும் ஆழமில்லாத நீரும் சூடாகி, மேலே உள்ள காற்று அலையடிக்கிறது. அந்தக் காற்றின் ஊடே 200 மீட்டர் பார்க்கும்போது பறவையின் கழுத்தே நெளிந்து தெரியும். ஃபோகஸ் சரியாக விழுந்திருந்தாலும் இறகு எழும்பாது. லென்ஸ் நீள நீள இந்தக் குறை கூடத்தான் செய்யும், எந்தச் செயலியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் தூரத்துப் பறவைகளை முடித்துவிடுங்கள். பிறகு மாலை நாலரைக்கு மேல் வாருங்கள். மேகம் மூடிய நாளும் மழை விட்ட மறுநாளும் இதற்கு விலக்கு. தரை குளிர்ந்து கிடப்பதால் பகல் பத்து மணிக்குக்கூடத் தெளிவாகக் கிடைக்கும். நண்பர்களுடன் காரில் வந்தால், ஏசி போட்ட காரின் ஜன்னலைத் திறந்து உடனே எடுக்காதீர்கள். உள்ளே உள்ள குளிர்ந்த காற்றும் வெளியே உள்ள வெக்கையும் கலக்கிற இடத்திலேயே இன்னொரு கானல் உண்டாகிறது. சூடான பானெட்டின் மேல் கையை ஊன்றி எடுப்பதும் அப்படித்தான்.

அடுத்தது வெளிச்சத்தின் திசை. அந்தச் சாலை ஏரியின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. வடக்குப் பக்கமும் நீர், தெற்குப் பக்கமும் நீர். பறவைகள் வருகிற மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் உதித்து, தெற்கு வானத்தின் வழியாகப் போய், தென்மேற்கில் இறங்குகிறது. எனவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை, நாள் முழுக்க, சாலையின் வடக்குப் பக்கம் நோக்கி எடுத்தால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்தோ தோள் பக்கமிருந்தோ வரும். இறகின் நிறம், அலகின் கறுப்பு நுனி, கண் எல்லாம் தெரியும். தெற்குப் பக்கம் நோக்கினால் வெளிச்சம் எதிரே நிற்கும். அங்கே நிறத்தைத் தேடாமல் நிழலுருவத்தைத் தேடுங்கள். சூரியன் எழுகிற நேரத்தில் தென்கிழக்கே பொன்னாக மின்னும் நீரில் கருங்கோடாகத் தெரியும் கால்களும் வளைந்த கழுத்தும் இந்த ஏரி தருகிற மிகச் சிறந்த படங்களில் ஒன்று. சாலையில் போகும் பலர் பறவை எந்தப் பக்கம் கிட்ட இருக்கிறதோ அந்தப் பக்கம் நின்றுவிடுகிறார்கள். நான் முதலில் வெளிச்சத்தைப் பார்ப்பேன். தூரத்தில் இருந்தாலும் வடக்குப் பக்கத்துப் பறவைதான் காலையில் என் தேர்வு.

நிறம் இல்லை என்றீர்கள். இங்கு வரும் பெரிய பூநாரை உடல் முழுக்க ரோஜா நிறப் பறவை இல்லை. நிற்கும்போது வெண்மையில் மெல்லிய இளஞ்சிவப்பு ஏறிய உடல்தான். இளம்பறவைகள் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். உண்ணும் இரையிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சேர்ந்து முழு நிறம் வரச் சில ஆண்டுகள் ஆகும். சிறகு விரிக்கும்போதுதான் செந்நிறமும் அதை ஒட்டிய கறுப்பும் வெடித்துத் தெரிகின்றன. உள்ளதை உள்ளபடி காட்டுங்கள். கணினியில் சிவப்பை ஏற்றி நாலு வயதுப் பறவையையும் ஒரு வயதுப் பறவையையும் ஒரே நிறமாக்கிவிட்டால், படத்திலிருந்து பறவையின் வயதே அழிந்துபோகிறது.

ஆனால் அந்த மெல்லிய நிறம்கூட உங்கள் படத்தில் வெளுத்துப் போவதற்கு எக்ஸ்போஷர், அதாவது கேமரா உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவு, காரணமாக இருக்கலாம். கேமராவின் மீட்டர், பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கருத்த நீர்ப்பரப்பில் சிறிய வெள்ளைப் பறவை நின்றால் அது நீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், பறவை சுண்ணாம்பாகிவிடும். அப்போது மைனஸ் பக்கம் முக்கால் ஸ்டாப், சில நேரம் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) இறக்குங்கள். பின்னணி வெளிறிய வானமாகவோ பளபளக்கும் நீராகவோ இருந்தால் நேர்மாறு, பிளஸ் பக்கம் ஏற்ற வேண்டும். இது குழப்பமாக இருந்தால், வெளிச்சம் மாறாத காலை நேரத்தில் மேனுவலுக்குப் போய்விடுங்கள். வெயிலில் நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கைச் சோதனைக்கு எடுத்து, வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தை முட்டாமல் சற்று உள்ளே நிறுத்தி, அந்த அளவிலேயே பூநாரையையும் எடுங்கள். பின்னணி எப்படி மாறினாலும் பறவையின் மேல் விழும் வெயில் மாறவில்லையே. ஜேபெக் மட்டும் எடுக்காமல், சென்சார் பதிவை அப்படியே வைக்கும் ராவிலும் எடுங்கள். வெண்மையில் ஒளிந்திருக்கும் இறகுக் கோடுகளை ஓரளவு மீட்கலாம்.

ஷட்டர் வேகத்துக்குப் பொதுவான அளவு சொல்கிறேன். நின்று மேயும் பூநாரைக்கு 1/500 போதும். பறக்கும் பூநாரைக்கு 1/1250, நீரைத் தொட்டுத் திரும்பும் ஆலாவுக்கு (டெர்ன்) 1/2000க்கு மேல். கூழைக்கடா (பெலிகன்) பெரிய, நிதானமான பறவை, 1/800 போதும். கூட்டமாக நிற்பவற்றுக்கு லென்ஸின் துளை அளவு எஃப் 8. ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்ச உணர்திறனை, தானியங்கியில் விட்டுவிடுங்கள்.

இப்போது சேற்றில் இறங்குவது பற்றி. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற மனம் இல்லை.

பூநாரை சட்டென்று எழும்புகிற பறவை இல்லை. நீரின் மேல் ஓடி, ஓடி, காற்றைப் பிடித்துத்தான் எழும். அதற்கு அது செலவழிக்கிற சக்தி, தலையைக் கவிழ்த்து, காலால் சேற்றைக் கிளறி, அலகில் நீரை வடிகட்டிச் சிறுகச் சிறுகச் சேர்த்த இரை. ஒரு நாளில் நாலு குழுக்கள் நாலு முறை எழுப்பினால், மேய வேண்டிய நேரம் பறப்பதிலேயே போகிறது. இந்தியாவில் பூநாரைகள் பெருங்கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில். இங்கு அவை உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் வருகின்றன. சேற்றில் இறங்கிய ஒரு குழுவால் ஒரு பெருங்கூட்டம் கிளம்பிப்போய், அன்று மாலை வரை அந்தப் பக்கம் திரும்பாததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாலையில் குழந்தைகளோடு காத்திருந்தவர்களுக்கு வெறும் நீர்தான் மிஞ்சியது.

உங்கள் உயிருக்கும் அது நல்லதில்லை. மேலே காய்ந்த ஓடு போலத் தெரியும் சேறு அடியில் முழங்கால் வரை, சில இடத்தில் இடுப்பு வரை இழுக்கும். ஏரி மனிதர்களே அங்கே தெரிந்த தடத்தில்தான் கால் வைப்பார்கள். சட்டமும் இருக்கிறது. இது சரணாலயம், படம் எடுக்க அனுமதி தருவதும் மறுப்பதும் வனத்துறையின் அதிகாரத்தில் உள்ளவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதைக்கூட வேட்டை என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ட்ரோன் யோசனையே வேண்டாம். பக்கத்தில் சதீஷ் தவான் விண்வெளி மையம். சோதனைச் சாவடியையோ மையத்தின் கட்டடங்களையோ நோக்கிக் கேமராவைத் திருப்பவும் வேண்டாம்.

பறக்கிற படம் தானாகவே கிடைக்கும். காலையில் ஒரு மேய்ச்சல் இடத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிறு சிறு வரிசைகளாகப் பறந்துகொண்டே இருக்கும். மேய்ந்து முடித்துச் சோம்பல் முறிக்கும்போது இரண்டு சிறகையும் ஒரு நொடி விரித்து மூடும். பக்கத்தில் நிற்பவையும் ஒவ்வொன்றாக அப்படிச் செய்யத் தொடங்கும். நீங்கள் தேடுகிற செந்நிறம் அதில் இருக்கிறது. பெரிய பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான் எழும், எதிர்த்துத்தான் இறங்கும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும் நாளில், வடக்குப் பக்கத்துப் பறவைகள் உங்களுக்குப் பாதி முதுகைக் காட்டித்தான் எழும். தெற்குப் பக்கத்தில் எழுபவை முகத்தைக் காட்டும், ஆனால் வெளிச்சம் எதிரே இருக்கும். இரண்டும் கூடிவரும் நாள் குறைவு. கரைக்காற்று மேற்கிலிருந்து மெல்ல வரும் அதிகாலையும், கடற்காற்று கிழக்கிலிருந்து வரும் மாலையும் நல்லவை. அப்போது வடக்கு நோக்கி நின்றால் பறவை பக்கவாட்டில் முழு நீளத்துக்கு, வெயில் படிந்த சிறகோடு போகும். கிளம்பும்போது கைக்குட்டையை ஒரு முறை காற்றில் பிடித்துத் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் உங்களால் கலங்குகிறதா என்று அறிய ஓர் அடையாளம் உண்டு. மேய்கிற தலைகள் ஒவ்வொன்றாக நிமிரும். பிறகு எல்லாம் ஒரே திசையில் விலகி நடக்கத் தொடங்கும். தலைகள் நிமிர்ந்தவுடனேயே நீங்கள் உட்கார்ந்துவிடுங்கள், அல்லது நாலு அடி பின்னால் வாருங்கள். பறவைகள் வண்டிக்குப் பழகியவை. அவற்றை மிரட்டுவது நின்ற கோலத்தில் வானத்தில் தெரியும் மனித உருவம்தான். பைக்கைத் தூரத்திலேயே சாலையை விட்டு முழுவதும் இறக்கி நிறுத்திவிட்டு, கரைச் சரிவில் உட்கார்ந்துவிடுங்கள். விண்வெளி மையத்துப் பேருந்துகளும் லாரிகளும் வேகமாக வரும் சாலை அது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி தார் மேல் பின்னோக்கி நடக்கவே கூடாது. உட்காருவதால் படத்துக்கும் லாபம். கேமரா நீர்மட்டத்துக்கு அருகே வரும்போது பின்னணி தூரமாகப் போய் மங்கும், பறவை தனித்து எழும்.

300 மிமீக்கு எட்டுகிற தூரத்தில் இந்தச் சாலையில் எவ்வளவோ இருக்கின்றன. கரையோரத்துச் சிறு குட்டைகளில் நெடுங்கால் உள்ளான், கம்பியில் உட்கார்ந்து நீருக்கு மேல் நின்ற இடத்திலேயே சிறகடிக்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி, மீசை ஆலா, கரண்டிவாயன், செம்பருந்து. அதிர்ஷ்டம் இருந்தால் மீனைத் தலை முன்னே இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும் விராலடிப்பான். பூநாரை மட்டுமே பறவை என்று எண்ணி இவற்றைக் கடந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். மீன்கொத்தியில் ஒரு மாதம் பழகுங்கள். கையும் கண்ணும் சேர்ந்துவிடும்.

எந்த மாதம், எந்த இடம் என்பதை நாட்காட்டியை விட நீர்தான் சொல்லும். ஆழமற்ற ஏரி இது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் வடகிழக்குப் பருவமழையில் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் உள்ளே வருகிறது, மண் மூடிவிட்டால் வராது. மழை அதிகமாகி நீர் ஆழமானால் பூநாரைகள் தங்கள் காலுக்கு ஏற்ற ஆழம் தேடி விலகிப் போகும். நீர் வடிய வடிய, தை மாசியில், சாலையின் இரு பக்கமும் மேய்ச்சல் நிலமாகிவிடும். இதை உங்களுக்குச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் மீனவர்கள். இந்தப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு. தமிழ்க் கிராமங்களில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை இறக்குவது என்பதைப் பாடு என்ற பழைய முறைப்படி தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நீரின் ஆழத்தைத் தினமும் உடம்பால் அளப்பவர்கள் அவர்கள். "அண்ணா, தண்ணி இப்ப எந்தப் பக்கம் குறைஞ்சிருக்கு?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். அவர்கள் முகத்தையோ வலையையோ எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள், அடுத்த முறை வரும்போது படத்தை அச்சுப் போட்டுக் கொடுங்கள். படகில் போக வேண்டுமானால் அனுமதி உள்ள படகில், மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு மட்டும். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை.

நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்கு நீங்கள் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. சூளூர்பேட்டையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர், தொரவாரிசத்திரத்துக்கு அருகில். உங்கள் லென்ஸுக்கு ஏரியை விட இது ஏற்ற இடம். நீரில் நிற்கும் கடப்ப மரங்களின் மேல் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. கூடவே நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கன். கரையிலிருந்தும் பார்வைக் கோபுரத்திலிருந்தும் எடுக்கலாம். உள்ளூரில் வழி கேட்கும்போது தெலுங்கில் கூடபாத்து என்றால் கூழைக்கடா என்று புரிந்துகொள்வார்கள்.

இங்கே காலை நேரத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. விடிந்தவுடன் குச்சி சுமந்து வருவது, கூட்டில் ஒன்றையொன்று வரவேற்பது, குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையை விட்டு இரை வாங்குவது எல்லாம் நடக்கும். தரை சூடாகி வெப்பக் காற்று மேலே எழத் தொடங்கிய பிறகு, பெரிய பறவைகள் சிறகை அசைக்காமலே வட்டமிட்டு உயர்ந்து, பழவேற்காடு ஏரிக்கு மீன் பிடிக்கக் கிளம்பும். ஏரியில் கானல் உங்கள் படத்தைக் கெடுக்கும் அதே வெப்பம்தான் இங்கே பறவையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டுவருகிறது. எனவே விடியலில் ஏரி, ஒன்பது மணிக்கு மேல் நேலப்பட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டும் ஒழுங்காக அமையும். தலைக்கு மேல் பறப்பவற்றை எடுக்கும்போது அடிவயிறு இருண்டுவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். கூடு உள்ள மரத்தை நோக்கிக் கைதட்டுவது, கல் எறிவது, ஃபிளாஷ் போடுவது எதையும் யார் செய்தாலும் தடுத்துச் சொல்லுங்கள். பெற்ற பறவை எழுந்துவிட்டால், வெயிலில் கிடக்கும் குஞ்சுக்கும் முட்டைக்கும் காகமே எமன்.

நிலக்காட்சிக்கு மலை தேடும் முன் ஏரியையே எடுங்கள். பறவை சட்டத்தில் எட்டில் ஒரு பங்குதான் என்று சொன்னேன் அல்லவா, அதைக் குறையாகப் பார்க்காமல் அதிலிருந்தே படத்தைக் கட்டுங்கள். 70 மிமீயில், சில நேரம் கைபேசியில்கூட, அடியில் விரிசல் விட்ட சேறு, அதன் மேல் வெயில் காலம் நெருங்கும்போது சிவந்துபோகும் உமரிச் செடி, நடுவே வலைக்கு ஊன்றிய கம்புகள், அதற்கப்பால் ஒரு கோடாகப் பூநாரைக் கூட்டம், எல்லைக்கோட்டில் ஸ்ரீஹரிகோட்டாவின் மரவரிசை. இந்தப் படத்தில் பறவை எங்கே வாழ்கிறது என்பது தெரிகிறது. அலகு மட்டும் நிறைந்த நெருக்கப் படத்தை உலகில் எந்த ஏரியிலும் எடுத்துவிடலாம். தட்டையான நிலம் என்பதால் தொடுவானக் கோடு அரை டிகிரி சாய்ந்தாலும் கண்ணில் உறுத்தும், கேமராவின் மட்டக்கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே வந்து நில்லுங்கள். ஜனவரியில் உதயம் ஆறரைக்குச் சற்றுப் பின். காற்று இல்லாத அந்த அரை மணியில் நீர் அசையாமல் கிடந்து வானத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். புயல் சின்னம் கரையைக் கடந்துபோன மறுநாள் காற்றில் தூசி இல்லாமல் வெகுதூரம் தெளிவாகத் தெரியும்; விடுப்பு எடுக்க முடிந்தால் அந்த நாளில் எடுங்கள்.

மலைக்கு வருகிறேன். தடாவுக்கு மேற்கே உப்பலமடுகு, நாகலாபுரம் மலை. இன்னும் மேற்கே புத்தூர், நகரி. நகரி மூக்கு என்று சொல்கிற அந்தக் கற்சிகரம் சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையிலிருந்தே தெரியும். அதை மலை மேல் ஏறி எடுப்பதை விட, கீழே வயலும் ஏரிக்கரைப் பனையும் முன்னே வர, சாய்ந்த வெயிலில் தூரத்திலிருந்து எடுப்பது நல்ல படமாகும். இங்கேயும் உங்கள் 70-300 உதவும். நீள லென்ஸ் வயலையும் மலையையும் கிட்டக் கொண்டுவந்து அடுக்கிக் காட்டும். மழை ஓய்ந்த மார்கழி தையில் பசுமையும் ஓடைகளும் இருக்கும். பாறையும் புதருமான சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் என்ற பறவை வாழ்கிறது. தென்னிந்தியக் கற்குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருப்பது. அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டான் என்று நம்பித்தான் அது வெளியே வருகிறது. காலையில் ஒரு பாறைக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்தால் போதும்.

இந்தக் காடுகளுக்குள் அனுமதி இல்லாமல் ஓர் அடியும் வைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். இது செம்மரம் வளரும் நிலம். கடத்தல் காரணமாகக் கண்காணிப்பு கடுமையானது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். தமிழ்நாட்டுப் பதிவெண் பைக்கில், பெரிய பையோடு, விடியலுக்கு முன் காட்டுத் தடத்தில் நிற்கிறவரைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். வனத்துறை நுழைவாயில் உள்ள இடங்களுக்கு, அது திறக்கும் நேரத்தில், நிறுவன அடையாள அட்டையோடு போங்கள். ஓடைகளின் மடுக்களில் குளிக்க இறங்காதீர்கள். பார்க்க அமைதியாக இருக்கும் நீர் பாறைக்கு அடியில் ஆழமாக இருக்கும்.

பைக்கில் போகிறவருக்குப் பொருள் பற்றி ஓரிரு சொல். உப்புக்காற்று கேமராவின் எதிரி. சாலையில் லென்ஸ் கழற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைப் பிழிந்து உடலைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்; பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக ஏரிக்கரை வந்தால் கண்ணாடியில் பனி பிடித்து, நல்ல வெளிச்சம் உள்ள நேரம் துடைப்பதிலேயே போய்விடும். முந்தைய இரவே பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். டிரைபாட் தேவையில்லை, துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டி எடுத்துவந்து கரைக்கல்லின் மேல் வைத்து, அதன் மேல் லென்ஸைப் படுக்க வையுங்கள்.

எடுத்த படங்களில் இடமும் தேதியும் எண்ணிக்கையும் குறித்து, பறவைப் பதிவு இணையதளமான ஈபேர்டில் ஏற்றுங்கள். உங்கள் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகப் பட்ட படத்தில்கூட எத்தனை பூநாரை நின்றது என்று எண்ண முடியும், எத்தனை சாம்பல் நிற இளம்பறவைகள் என்று பிரிக்க முடியும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அதில் சேர்ந்துகொண்டால் எங்கே, எப்போது, எவ்வளவு பறவை என்பது உங்களுக்கும் பழகிவிடும். கூடு உள்ள மரத்தின் சரியான இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.

பொங்கல் விடுமுறைக்கு நண்பர்களை அழைத்து வரலாம், ஆனால் காணும் பொங்கலன்று வேண்டாம். அன்று சாலை முழுக்க வண்டியும் ஒலிபெருக்கியுமாக இருக்கும். சூளூர்பேட்டையில் பூநாரைத் திருவிழா அறிவித்தால் அந்த நாட்களிலும் கூட்டம்தான். பறவைகளை முதன்முறை பார்க்கும் குழந்தைகளுக்கு அது நல்ல நாள், படத்துக்கு ஏற்றதல்ல. சென்னையிலிருந்து வருபவர்கள் கும்மிடிப்பூண்டி வழியாகச் சூளூர்பேட்டை வரும் ரயிலில் முந்தைய மாலையே வந்துவிடட்டும். இரவு உங்களோடு தங்கினால் விடியலுக்கு முன் ஏரிக்கரையில் இருக்கலாம். நாலு பேருக்கு மேல் சேர்ந்து வராதீர்கள். வெள்ளை, சிவப்புச் சட்டை தவிர்த்து மண் நிறத்தில் உடுத்தி வரச் சொல்லுங்கள். மாசி மாதத்தில் ஒரு வாரநாள் விடுப்பு கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. நீர் வற்றி மேய்ச்சல் சாலைக்கு அருகே வந்திருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது.